பதினோராம் நம்பர்ப் போத்தல்

அந்த மிஸ்ஸின் ஆராய்ச்சியில் ஒரு பொய் இருந்தது. அதை எழுதியது என் கை. இரண்டு வருடத்துக்கு மேல் அது அவருடைய கொப்பியில் உண்மைகளோடு சேர்ந்து கிடந்தது. இதை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்த ஆளும் இல்லை நான். நாலு பேர் நிற்கிற இடத்தில் இன்றைக்கும் எனக்கு வாய் திறக்க வராது. எழுதுவது கொஞ்சம் சுகமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் எழுத்து வடிவாக வரும். அந்த எழுத்துக்காகத்தான் மிஸ் என்னை வேலைக்கு எடுத்தார்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் அவர் எங்கள் தீவுப் பக்கத்துக்கு வந்தார். ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குக் கிட்ட இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, ஒன்றில் கட்டிலும் மற்றதில் மேசையும் போத்தல்களுமாக இருந்தார். வயது முப்பது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. மருந்து கொடுக்கிற டொக்டர் இல்லை, கிருமியைப் படிக்கிற ஆள். அது சனத்துக்கு விளங்கவில்லை. டொக்டர் என்று கூப்பிட்டு வந்து நாக்கை நீட்டிக் காட்டினார்கள். முதலில் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பிறகு நாக்கையும் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று சொல்லி அனுப்பப் பழகிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் மாரி முடிந்ததும் டைபொயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல் வரும். கிணற்றுத் தண்ணீரால் வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தக் கிணறு, எந்த மாதம், ஏன் அந்தக் கிணறு என்று ஒருவருக்கும் தெரியாது. மிஸ் அதைத்தான் தேடினார். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலுமாகப் பதினாறு கிணறுகளைத் தெரிந்தெடுத்தார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து, மூன்று வருடம் விடாமல் பார்க்க வேண்டும். அதை எழுதிக் கொடுத்தால்தான் அவருக்குப் பெரிய பட்டம் கிடைக்கும். பட்டம் கிடைத்தால் வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் தருவதாகக் கடிதம் வந்திருந்தது. அங்கே கிருமியை வளர்த்துப் பார்க்காமலே, அதன் உடம்புக்குள் இருக்கும் பரம்பரைச் சங்கதியை வைத்து ஒரே நாளில் கண்டுபிடிக்க வழி தேடுகிறார்களாம். இங்கே நாலைந்து நாள் பிடிக்கும். "அதுக்கிடையிலை காய்ச்சல்காரன் போயிடுவான் அக்கா" என்பார்.

என்னை அக்கா என்று கூப்பிட்ட முதல் வெளி ஆள் அவர்தான். எங்கள் ஆட்களை ஊரில் பெரியவர்கள் நீ என்றும் எடி என்றும்தான் கூப்பிடுவார்கள். மிஸ் பட்டணத்துப் பக்கம், நல்ல குடும்பம். அவர் அக்கா என்றபோது எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தங்கச்சியோடு இருந்தேன். வேலை கிடைத்ததே பெரிது.

வேலை பாரமானது. முறை வருகிற செவ்வாய்க்கிழமை விடிய நான் அந்த அறைக்குப் போவேன். முதல் நாள் கழுவி, கடதாசியால் வாய் கட்டி, பிரஷர் குக்கரில் அவித்து வைத்த பதினாறு போத்தல்கள் கூடையில் இருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நூல், அடியில் ஒரு கல். கூடை தலையில். ஐஸ் உருகாமல் வைக்கிற ரெஜிபோம் பெட்டி கையில். ஐஸ் மீன் வாடியில் வாங்கியது. பெட்டியைத் திறந்தால் மீன் மணக்கும். போத்தலைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும். வாளியால் அள்ளி ஊற்றக் கூடாது. வாளியில் இருக்கிற ஊத்தையும் கிணற்றின் பேரில் விழுந்துவிடும் என்று மிஸ் சொல்லித் தந்திருந்தார். எடுக்க முடியாத நாளில் கொப்பியில் அந்தக் கிணற்றுக்கு நேரே ஒரு கோடு போடச் சொன்னார்.

பதினாறு கிணறும் முடிய மத்தியானம் தாண்டிவிடும். எங்கள் மண்ணில் நிழல் குறைவு. பனைமரத்து நிழல் ஓர் ஆள் நிற்கத்தான் காணும். திரும்பி வந்தால் மிஸ் வேலையைத் தொடங்குவார். கடற்பாசியில் காய்ச்சிய களியைக் கண்ணாடித் தட்டுகளில் உறைய வைத்து, அதன்மேல் தண்ணீரைத் தடவி, ஒரு மரப்பெட்டிக்குள் அடுக்குவார். பெட்டிக்குள் அரிக்கன் லாம்பு எரியும். மனிசருடைய உடம்புச் சூட்டிலேயே அது நிற்க வேண்டும். சூடுமானியைப் பார்த்துப் பார்த்துத் திரியை ஏற்றி இறக்குவது என் வேலை. அடுத்த நாள் தட்டில் புள்ளிகள் வந்திருக்கும். ரோசாப்பூ நிறமென்றால் வயிற்றாலே போகிற சாதாரணக் கிருமி. நிறமில்லாத புள்ளியைத்தான் மிஸ் குனிந்து குனிந்து தேடுவார். அப்படி ஒன்று கண்டால் அதைத் தனியே வளர்த்து, பட்டணத்துக்குக் கொண்டுபோய் உறுதிப்படுத்துவார். பஸ் ஓடினால் பஸ். ஆமி பாலத்தைப் பூட்டின நாட்களில் வள்ளம். ஒருமுறை தட்டுகளைச் சேலையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போய், மழையில் நனைந்து திரும்பி வந்து மூன்று நாள் காய்ச்சலாகக் கிடந்தார். நாலாம் நாள் செவ்வாய். எழும்பிவிட்டார்.

நானும் எழும்பினேன். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முழங்கால் நோதான்.

பதினோராம் நம்பர்க் கிணறு பெரிய வீட்டுக் கிணறு. எங்கள் ஊரில் பல கிணறுகள் உவர். அந்த வீட்டுத் தண்ணீர் நல்ல தண்ணீர். கிணற்றைச் சுற்றிச் சீமெந்துக் கட்டு, இடுப்பளவு சுவர், பாதி மூடி எல்லாம் இருந்தன. முதல் நாள் மிஸ்ஸும் என்னோடு வந்தார். அந்த வீட்டு அம்மா அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதிரை கொடுத்து, தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தார். நான் வாசல் படலையடியில் நின்றேன். மிஸ்ஸே போத்தலை இறக்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். "நல்ல மனிசர்" என்றார். நான் ஓம் என்றேன்.

அடுத்த தடவையிலிருந்து நான் தனியே போனேன். எங்கள் ஆட்கள் அந்த வீட்டு முற்றத்தைக் கூட்டலாம், மா இடிக்கலாம். கிணற்றுக் கட்டில் ஏற முடியாது. இது எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படி. அதனால் படலையடியில் நின்று இருமினேன். மருமகள்காரி எட்டிப் பார்த்து, வாளியால் அள்ளிக் கொண்டுவந்து, எட்ட நின்று என் போத்தலுக்குள் ஊற்றினாள். பாதி என் கையில் ஊற்றுப்பட்டது. வாளித் தண்ணீர் கூடாதென்று எனக்குத் தெரியும். ஆனாலும் எதையாவது கொண்டுபோக வேண்டுமே. மூன்று முறை அப்படிப் போனது.

நாலாம் முறை அந்த அம்மாவே படலைக்கு வந்தார். போத்தலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், நூலைப் பார்த்தார்.

"உதென்னடி, தூண்டிலே? எங்கடை கிணத்திலை மீன் இல்லை."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தண்ணீருக்குள் இறக்குகிற போத்தல், மிஸ் அப்படித்தான் எடுக்கச் சொன்னவ என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

"மிஸ் வரட்டும். வந்து இறக்கட்டும். நீ உன்ரை போத்திலை இறக்கினியெண்டா நாங்கள் பிறகு கிணத்தை இறைக்க வேணுமெல்லே? இறைக்கிற கூலியை உன்ரை மிஸ் தாறாவோ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளே யாரோ சேர்ந்து சிரித்தது கேட்டது. நான் வந்துவிட்டேன்.

அன்றைக்கு ஒரு கோடு போட்டிருக்கலாம். கோடு போட்டால் மிஸ் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். என்னத்தைச் சொல்வது? என்னை அக்கா என்று கூப்பிடுகிற ஒரு ஆளிடம், அந்தக் கட்டில் நான் ஏறக் கூடாது என்று என் வாயால் எப்படிச் சொல்வது? தெரிந்தபிறகு அந்த அக்கா நின்றுவிடுமோ என்றுகூட நினைத்தேன். அது எங்களுக்குள் இருக்கிற பயம். வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது.

பெரிய வீட்டுக்கு ஒரு காணி தள்ளி ஒரு தென்னந்தோட்டம். அந்தக் குடும்பம் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வெளிநாடு போய்விட்டது. தோட்டத்துக் கிணறு தகரத்தால் மூடிக் கிடந்தது. பார்க்க ஆளில்லை. தகரத்தை நீக்கி, போத்தலை இறக்கி, வாய் கட்டி, பதினொன்று என்று வடிவாக எழுதினேன். அடுத்த செவ்வாயும் அப்படியே. அதற்கடுத்ததும். ஐந்தாறு தடவைக்குப் பிறகு பெரிய வீட்டுப் பக்கம் கால் போகவே இல்லை.

ஆள் புழங்காத கிணறு. பக்கத்தில் மலகூடம் இல்லை, வாளி இல்லை, குளிப்பவர்கள் இல்லை. தட்டில் என்ன வரும்? ஒன்றும் வராது. அன்றிலிருந்து பதினோராம் தட்டு ஒவ்வொரு முறையும் வெறும் தட்டாக இருந்தது. மிஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மற்றக் கிணறுகளின் தட்டுகளில் மாரியில் புள்ளிகள் பொங்கின. பதினொன்று மட்டும் பொங்கவில்லை. வரைபடக் கடதாசியில் மற்றக் கோடுகள் ஏறி இறங்க, பதினொன்றின் கோடு அடியோடு அடியாகப் போனது. முதலில் அதைப் பார்க்காமல் போத்தல் பக்கம் திரும்பிவிடுவேன். பிறகு பழகிவிட்டது. பொய்யும் ஒரு வேலை மாதிரிப் பழகிவிடுகிறது.

எண்பத்தேழில் சண்டை வந்து சில செவ்வாய்கள் தவறின. ஹெலி சுற்றும்போது நான் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பனை வடலிக்குள் குந்திக்கொண்டிருப்பேன். அப்படியான நாட்களிலும் பதினோராம் போத்தலுக்குத் தென்னந்தோட்டத்துக்குள் போனேன். பெரிய வீட்டுக்குப் போனால் ஒரு காணித் தூர நடை மிச்சம். பொய்க்காகத்தான் அந்தத் தூரம் கூட நடந்தேன்.

எண்பத்தெட்டுத் தொடக்கத்தில் பெரிய வீட்டு மருமகளுக்கும் அவளுடைய சின்னப் பிள்ளைக்கும் நெருப்புக் காய்ச்சல். இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். தப்பிவிட்டார்கள். மருமகளுக்குத் தலைமயிர் எல்லாம் கொட்டிவிட்டது. அந்த அம்மா ஆள் அனுப்பி மிஸ்ஸிடம் கேட்டார். மிஸ் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் கிணற்றில் இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை, வெளியில் எங்கேயோ சாப்பிட்டதாலோ குடித்ததாலோ வந்திருக்கும் என்று சொல்லி அனுப்பினார். நான் பக்கத்தில் நின்று போத்தல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமை என் தங்கச்சி வேலைக்குப் போய்ப் பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்தாள். பெரிய வீட்டு முற்றம் கூட்டுவது அவள்தான். பத்து வருடம் கூட்டியிருக்கிறாள்.

"இனி உள்ளுக்கை வரவேண்டாமாம்" என்றாள். "கிணறு சுத்தமெண்டு படிச்ச பிள்ளையே சொல்லிப்போட்டுதாம். அப்ப காய்ச்சல் எங்களாலைதானாம்."

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

"நீயும் அந்த மிஸ்ஸோடைதானே திரியிறாய். ஒருக்காக் கேள். கிருமி என்ரை விளக்குமாத்திலை இருக்குதோ, கையிலை இருக்குதோ எண்டு கேட்டுச் சொல்லு."

கோபத்தில் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டு உலைக்கு அரிசி களையப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் இரண்டு செவ்வாய் போயிற்று. நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் இன்றைக்கு, இன்றைக்கு என்று போவேன். கூடையைத் தூக்கினதும் வாய் மூடிவிடும். தென்னந்தோட்டத்துக் கிணற்றில் திரும்பவும் தண்ணீர் எடுத்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூச்சம்.

அதற்குப் பிந்திய ஒரு காலை. மிஸ் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று வருடம் நிறைய இன்னும் சில மாதம்தான் இருந்தது. பட்டத்துக்கான புத்தகத்தில் நாலாம் அத்தியாயம். வரைபடக் கடதாசியை என் பக்கம் திருப்பினார். அவர் சந்தோசப்படுவதை நான் அதிகம் கண்டதில்லை. அன்றைக்கு முகம் தெளிந்திருந்தது.

"பாருங்கோ அக்கா. உந்தப் பதினொண்டுதான் எனக்கு விடை. கட்டும் சுவரும் இருந்தா மாரியிலையும் கிணறு தாங்கும். இதை எழுதிக் குடுத்தா எல்லாக் கிணத்துக்கும் கட்டுக் கட்டச் சொல்லிக் கேக்கலாம்."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். பிறகு எடுத்தேன்.

"அது பதினொண்டு இல்லை மிஸ்."

"எது?"

"உந்தத் தண்ணி. பெரிய வீட்டுத் தண்ணி இல்லை. தென்னந்தோட்டத்துப் பூட்டின கிணத்துத் தண்ணி."

அவருக்கு விளங்கச் சுணங்கியது. போத்தல் மாறிப் போச்சுதோ, எந்தச் செவ்வாய் என்று கேட்டார். எல்லாச் செவ்வாயும் என்றேன். முதல் நாள் அவர் எடுத்தது மட்டும் சரி, அடுத்த மூன்றும் வாளித் தண்ணீர், மற்றதெல்லாம் தோட்டத்துத் தண்ணீர் என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். சொல்லத் தொடங்கினபிறகு வந்துகொண்டே இருந்தது. அவர் பேனையை மூடி வைத்தார்.

"ஏன் கோடு போடேல்லை?"

"கோடு போட்டா ஏனெண்டு கேப்பியள்."

"கேட்டா?"

"அந்தக் கட்டிலை எங்கடை ஆக்கள் ஏறேலாது மிஸ். அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

வெளியில் வள்ளத்துக்காரர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மிஸ் அந்தக் கடதாசியைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"முதல் நாள் நீங்கள் படலையடியிலை நிண்டனீங்கள்" என்றார். "நான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு உங்களைக் கண்டனான். ஏன் நிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும் அக்கா. தெரியாத மாதிரி இருந்திட்டன். அதுக்குப் பிறகும் உங்களைத் தனியத்தான் அனுப்பினனான்."

மரப்பெட்டியில் லாம்பு மங்கிப்போயிருந்தது. போய்த் திரியை ஏற்றினேன்.

அடுத்த செவ்வாய் அவரும் வந்தார். பெரிய வீட்டுக்கு அவரே போய்ப் போத்தலை இறக்கினார். உள்ளே வாங்கோ அக்கா என்று என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. அவர் ஒருமுறைதான் கூப்பிட்டார். எனக்கு அது நல்லதாகப் பட்டது. இழுத்துக்கொண்டு போயிருந்தால், அவர் போனபிறகு அந்த ஊரில் இருக்கப் போகிறது நாங்கள்தானே.

தட்டில் ரோசா நிறம் பொங்கிக் கிடந்தது. அதற்கிடையில் நிறமில்லாத புள்ளிகளும். பட்டணத்தில் உறுதிப்படுத்தினார்கள். நெருப்புக் காய்ச்சல் கிருமிதான். கட்டும் சுவரும் இருந்தும் கிணற்றுக்குள் ஒரு வெடிப்பு வழியாகப் பின்பக்கத்து மலகூடக் குழி ஊறிக்கொண்டிருந்தது. மிஸ் போய், முதலில் சொன்னது பிழை, பிழை தன்னுடையது, கிணறுதான் காரணம் என்று அந்த அம்மாவிடம் சொன்னார். குளோரின் போடச் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு வருடம் சுத்தமாக இருந்த கிணறு நீங்கள் போத்தல் இறக்கின பிறகுதான் பழுதாயிருக்கிறது என்றாராம். மிஸ் வந்து இதைச் சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் தங்கச்சியை வேலைக்குத் திருப்பிக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. சுருட்டுச் சுற்றுகிற கொட்டிலுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

மிஸ்ஸுக்குப் படிப்பிக்கிற பெரியவர் பட்டணத்திலிருந்து கடிதம் எழுதினார். அந்த ஒரு கிணற்றை விட்டுவிட்டு மற்றப் பதினைந்தோடு எழுதி முடிக்கலாம், சண்டைக்காலம், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று. மிஸ் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் ஓம் என்று சொல்ல வேணுமென்றுதான் நான் மனதுக்குள் கும்பிட்டேன். அவர் மாட்டேன் என்றார். நாலாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கிணற்றில்தான் நிற்கிறது, கழற்றினால் எல்லாம் விழும், திரும்ப ஒரு மாரியும் ஒரு கோடையும் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த ஒரு வருடம் நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். பேச்சுக் குறைந்திருந்தது. கோபம் இல்லை. பேசுவதற்குச் சீவன் இல்லை. ஐஸ் கிடைக்காத நாட்களில் ஈரச் சாக்கால் பெட்டியைச் சுற்றினோம். மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் பெட்டிச் சூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விளக்கு ஏற்றினோம். பெட்டி முழுக்கப் புகை படிந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. மேலும் காத்திருக்க முடியாதாம், அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். மிஸ் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, போத்தல் அவிஞ்சுதோ அக்கா என்று கேட்டார். அவிஞ்சுது என்றேன். இன்னும் கொஞ்சம் அவியட்டும் என்றார்.

பிற்காலத்தில் அவருக்கு வேறு ஒரு நாட்டில் சின்ன இடம் ஒன்று கிடைத்தது. தொண்ணூறில் நாங்கள் எல்லாரும் தீவை விட்டு ஓடின பிறகு, இரண்டு வருடம் கழித்து, கை மாறிக் கை மாறி ஒரு கடிதம் வந்தது. கிருமியின் உடம்புக்குள் இருக்கிறதைத்தான் இப்போது பார்க்கிறாராம். போத்தல் கழுவுவதற்கு மெசின் இருக்கிறதாம், ஆனால் நீங்கள் கழுவினது போல் இல்லை என்று எழுதியிருந்தார். அவருடைய வயதுக்காரர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், நான் பிந்தித் தொடங்கினவள் என்றும் ஒரு வரி இருந்தது. குறையாக எழுதவில்லை. ஆனால் அந்தப் பிந்தல் எவ்வளவென்று எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஒரு காலையைப் பற்றி. எண்பத்தொன்பது முடிகிற நேரம். கடைசிச் செவ்வாயும் முடிந்து, புத்தகத்தை அனுப்புவதற்கு முன் மிஸ் என்னைக் கூப்பிட்டு மேசைக்கு முன்னால் இருத்தினார். கதிரையில். நான் நிலத்தில் இருக்கப் போனேன், விடவில்லை. எல்லாக் கொப்பிகளையும் அடுக்கி வைத்திருந்தார்.

"அக்கா, இதை நான் என்ரை பேரிலை குடுக்கப் போறன். ஆனா தண்ணி எடுத்தது நீங்கள். ஒவ்வொரு கிணறா வாசிக்கிறன். சரியெண்டா ஓம் எண்டுங்கோ. பிழையெண்டா பிழையெண்டுங்கோ. இண்டைக்கு ஒண்டுக்கும் வெக்கப்படக் கூடாது."

"பிழையெண்டா இன்னொரு வருசம் நடக்க வேணுமோ மிஸ்?"

"ஓம்."

வாசித்தார். ஒன்றாம் கிணறு, ஓம். இரண்டாம் கிணறு, ஓம். மூன்றாவதில் ஒரு நாள் கயிறு அறுந்து போத்தல் உள்ளே விழுந்ததைச் சொன்னேன். அதற்குக் கோடு போட்டிருந்தது. ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு செவ்வாயாக, நான் கண்ணை மூடி அந்தக் கிணற்றடியில் நின்று பார்த்தேன். நான் அங்கே நின்றேனா, என் போத்தல் உள்ளே இறங்கியதா என்று. பதினாறும் முடிய வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பதினொன்றின் அந்தப் பழைய செவ்வாய்களைத் தவிர எல்லாம் ஓம். என் வாழ்க்கையில் ஒரே நாளில் அவ்வளவு பேசியதில்லை. என்னை ஒருவர் நம்பிக் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

மிஸ் கொப்பியை மூடப் போனார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தண்ணீர் எடுத்த நேரம் எழுதியிருந்தது. என் எழுத்தில்.

"மிஸ், நேரம் எல்லாம் குத்துமதிப்பு."

"என்னது?"

"என்னட்டை மணிக்கூடு இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். என் வெறும் கையைப் பார்த்தார். நாலு வருடமாக அந்தக் கை அவருக்கு முன்னால்தான் போத்தல் கழுவியது.

"அப்ப எட்டே கால், எட்டே முக்கால் எண்டெல்லாம் எழுதியிருக்கிறியள்?"

"பஸ் போறதைப் பாத்து. பள்ளிக்கூட மணி கேட்டா அதுக்கு. பஸ் ஓடாட்டி வெயிலைப் பாத்து எழுதினனான்."

சிரிப்பு வந்தது அவருக்கு. முதலில் மூக்கால் வந்தது, பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் வந்தது. நான் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் சிரிப்புக் கேட்டது. இன்னொரு வருடமோ என்று கேட்டேன். இல்லை அக்கா, இதுக்கு ஒரு சொல்லுப் போதும் என்றார்.

நேரத்துக்குரிய பத்தியின் மேலே, ஒவ்வொரு பக்கமாக, சுமார் என்று இங்கிலீசில் எழுதத் தொடங்கினார். அவர் ஒரு பக்கம் எழுதி முடிய நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பிடித்தேன். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு பேருமே நினைக்கவில்லை.